வர்தியா எழுதிய மூன்று வரி

எங்கள் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது பேர் வேலை பார்க்கிறோம். பதினெட்டுப் பேருக்கு ரத்தத்தோடு வேலை. ஒருவருக்கு மட்டும் கம்ப்யூட்டரோடு. அவர்தான் வர்தியா அக்கா.

அவருடைய அறை நடைபாதையின் கடைசியில், மருந்துகள் வைக்கும் குளிர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவருக்கு அந்தப்புறம் குளிர்சாதனம் இரைந்துகொண்டே இருப்பதால், அங்கே போய் நின்று பேச யாருக்கும் தோன்றாது. ஜன்னலைத் திறந்தால், அல்ஜீரியக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் பெஜாயாவின் துறைமுகப் பாரந்தூக்கிகள் தெரியும். இருபத்து மூன்று வருஷமாக அந்த அறையில்தான் இருக்கிறார். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி, அவித்த முட்டை, ஆலிவ் எண்ணெய். சாப்பிட்டு முடித்ததும் கதவு திறந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் நாலு வருஷத்தில் அவரோடு பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "அக்கா, பச்சைக்காரி நின்னுட்டா."

பச்சைக்காரி என்பது எங்கள் மென்பொருள். யாருடைய ரத்தம், எந்தக் குழாயில், என்ன முடிவு என்பதையெல்லாம் சேர்த்து வைப்பது அதுதான். திரை பச்சையாக இருப்பதால் அந்தப் பெயர்.

"பச்சைக்காரி என்ன, தூங்கிட்டாளா?" என்று யாராவது கத்துவார்கள்.

"இப்பதான் எழுந்திருக்கா. முகம் கழுவ விடுங்க" என்று அறையிலிருந்து வர்தியா அக்கா பதில் சொல்வார். அவர் சொல்லி நாங்கள் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான். எத்தனை முறை சொன்னாலும் அதே குரலில் சொல்வார்.

முடிவுகளைத் தட்டச்சு செய்யத்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். விலைக்கு மென்பொருள் வாங்க ஆஸ்பத்திரிக்கு வசதி இல்லை. இலவசமாக ஒன்று இருக்கிறது, அதன் மூலமும், அதாவது உள்ளே எழுதியிருக்கும் நிரலும், திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று எங்கோ படித்துவிட்டு, தானே கற்றுக்கொண்டு 2009இல் நிறுவினார். அப்போது அவருடைய அம்மா படுக்கையில் இருந்தார். தம்பி மெசியான் பிரான்ஸுக்கு, லியோனுக்குப் போய்விட்டான். அம்மாவைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, அந்த மேட்டுத் தெருவில் நாலு மாடி இறங்கி வேலைக்கு வருவார். அம்மா போன பிறகு நாலு மாடியும் அப்படியேதான் இருந்தது. ஏறிப் போனால் காத்திருக்க ஆள்தான் இல்லை.

பேசுவதற்கு அவருக்கு வேறொரு இடம் இருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த மென்பொருளைச் செய்தவர்கள் இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் அங்கே கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். வர்தியா அக்கா அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவார். முதலில் கேள்வி மட்டும் கேட்டார். மூன்றாம் வருஷத்திலிருந்து பதிலும் எழுதினார். பதினான்கு வருஷத்தில் மூவாயிரத்துக்கு மேல் பதில்கள். பெரு நாட்டு மருத்துவமனையிலிருந்து லாவோஸ் வரைக்கும் அவர் சொன்னபடி குழாயில் ஒட்டும் பெயர்ச் சீட்டு அச்சடித்தார்கள்.

அங்கே யுஹானி என்று ஒருவர் இருந்தார். பின்லாந்தில் ஊலு என்ற ஊரில் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவர் பார்ப்பது மாட்டு ரத்தம், நாங்கள் பார்ப்பது மனித ரத்தம். மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. ஒருமுறை யுஹானி பதிலின் அடியில், "இங்கே மைனஸ் பத்தொன்பது" என்று எழுதியிருந்தார். வர்தியா அக்கா அடுத்த பதிலில், "இங்கே பதினான்கு, மழை" என்று எழுதினார். அதிலிருந்து இருவரும் எதை எழுதினாலும் கடைசியில் அன்றைய குளிரையோ வெயிலையோ ஒரு வரி போடுவார்கள். அதற்கு மேல் சொந்த விஷயம் எதுவும் எழுதிக்கொண்டதில்லை. அவர் கல்யாணம் ஆனவரா என்றுகூட இவருக்குத் தெரியாது. வர்தியா என்பது பெண் பெயர் என்று அவருக்கும் தெரியாது.

போன வருஷம் பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. மென்பொருளைச் செய்த கம்பெனி கைமாறியிருந்தது. மூலம் முன்போலவே திறந்திருக்கும். ஆனால் நிறுவத் தயாராக இருக்கும் தொகுப்பு, பிழைத்திருத்தங்கள், கையேடு, மன்றம் எல்லாம் ஏப்ரல் முதல் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். குழாய்ச் சீட்டு வாங்கப் போன என்னிடம் வர்தியா அக்கா திரையைக் காட்டினார்.

"மூலம் இருக்கே அக்கா? அதை வச்சு நாமளே செஞ்சுக்க முடியாதா?"

"கோதுமையைக் குடுத்துட்டு மில்லைப் பூட்டிட்டாங்க லூனிஸ். அதைச் சேர்த்துக் கட்டுறதுக்கு வேண்டிய சாமானும் அந்தக் கதவுக்கு உள்ளதான் இருக்கு."

"அப்ப சந்தா கட்டிடலாம்."

என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னதன் முட்டாள்தனம் பிறகுதான் புரிந்தது. எங்கள் கூடத்தின் தலைவர் டாக்டர் நாசிமா கோப்பு எழுதி அனுப்பினார். வெளிநாட்டுப் பணம் என்பதால் அது மேலே போய், அதற்கும் மேலே போய், ஆறு வாரம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: "இது இலவச மென்பொருள் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இலவசத்துக்கு எதற்குப் பணம்?"

டாக்டர் நாசிமா அந்தத் தாளை வர்தியா அக்காவின் மேஜையில் வைத்து, "இதுக்கு நீயே பதில் எழுது தாயே, எனக்குச் சிரிப்பு வந்துடும்" என்றார்.

லியோனிலிருந்து தம்பி, தன் கார்டிலேயே கட்டிவிடுவதாகச் சொன்னான். கட்டணப் பக்கத்தில் நிறுவனத்தின் ஐரோப்பிய வரி எண் கேட்டது. தனி ஆளுக்கு விற்பதில்லையாம். அதோடு அந்த முயற்சியும் நின்றது.

மன்றம் மூடுகிற நாளன்று வர்தியா அக்கா ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இதை எனக்கு அவர் சொன்னது பல மாதம் கழித்து. காலையிலிருந்து அகராதியைப் புரட்டி, யுஹானிக்கு அரைப் பக்கம். முதல் முறையாகச் சொந்த விஷயம்: அம்மா இறந்த வாரத்தில் நீங்கள் ஒவ்வொரு நாளும் பதில் எழுதினீர்கள், அது உங்களுக்குத் தெரிந்திருக்காது, நன்றி என்று. தன் மின்னஞ்சலையும் அடியில் போட்டிருந்தார். மன்றத்தின் கதவு அன்று மாலையில்தான் மூடும் என்று நினைத்திருந்தார். மத்தியானமே மூடிவிட்டார்கள். அனுப்பு என்று அழுத்தினார். "இந்தப் பக்கம் சந்தாதாரர்களுக்கு மட்டும்" என்று வந்தது. பின்னால் போனால் கடிதம் இல்லை.

"திரும்ப எழுதலாம்னா எங்க அனுப்புறது? அவர் விலாசம் எனக்கு எதுக்குத் தேவைப்பட்டுச்சு, தினமும் அங்கதானே இருந்தார்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறைக் கதவு மத்தியானத்துக்கு அப்பாலும் சாத்தியே இருந்தது. நாங்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. பச்சைக்காரி ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆகஸ்டில் நின்றாள். பிரான்ஸில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களை விடுமுறைக்கு ஏற்றிக்கொண்டு மார்செய்க் கப்பல்கள் வந்து, ஊரெல்லாம் பிரான்ஸ் நம்பர் போட்ட கார்கள் அடைத்துக்கொண்டிருந்த வாரம். சர்வர் வைத்திருந்த அறையில் ஏசி கெட்டு, யாரும் பார்ப்பதற்குள் இயந்திரம் வெந்துவிட்டது. நோயாளிகளின் விவரம் தினமும் வேறு டிஸ்கில் நகலாகிக்கொண்டிருந்ததால் அதற்கு ஆபத்தில்லை. மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றையும் வர்தியா அக்கா பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு நாளில் வேறு இயந்திரத்தில் நிறுவிவிட்டார். நாங்கள் கைதட்டினோம். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம்.

அந்தப் பழைய பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. பெயரை அரபியில் எழுதினால் கடைசி எழுத்து விழுந்துவிடும். எழுத்து விழுந்தால் ரத்தம் பார்க்கும் இயந்திரம் "இப்படி ஒரு ஆளே இல்லை" என்று முடிவைத் தனியே தூக்கிப் போட்டுவிடும். முன்பு இதே கோளாறு வந்தபோது வர்தியா அக்கா ஒரு கோப்பில் மூன்று வரியை மாற்றிச் சரி செய்திருந்தார். அந்தக் கோப்பு வெந்துபோன இயந்திரத்தில் இருந்தது. அதற்கு நகல் எடுக்கவில்லை.

"என் தப்புதான். எல்லாத்துக்கும் நகல் வச்சேன், என் கையால செஞ்சதுக்கு வைக்கல" என்று டாக்டரிடம் நேராகவே சொன்னார்.

முடிவுகளைக் கையால் எழுத ஆரம்பித்தோம். வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போனது. மூன்றாம் நாள், ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்களில் ஒருத்தியின் பொட்டாசியம் அளவை நான் மற்றவளின் தாளில் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடும்போது டாக்டர் நாசிமா பார்த்துவிட்டார். அந்தத் தாளுக்குரியவள் பிரசவம் முடிந்து ஒரு நாள்கூட ஆகாத பெண்; அதைப் பார்த்து மருந்து ஏற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் என்னைத் திட்டவில்லை. தாளைக் கிழித்துவிட்டு நேராக வர்தியா அக்காவின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"எத்தனை நாள் ஆகும்?"

"தெரியல டாக்டர்."

"ஒரு கணக்கு சொல்லு வர்தியா."

"நெட்ல தேடினேன். பதில் கிடைச்சிருச்சு. படிக்கத்தான் முடியல."

திரையைத் திருப்பிக் காட்டினார். யாரோ கேட்ட கேள்வி. கீழே பதிலின் தொடக்கம்: "இதே தொல்லை எங்களுக்கும் வந்தது. பயப்பட வேண்டாம். மூன்று வரி மாற்றினால் போதும். முதலில்" என்பதோடு சாம்பல் நிறப் பட்டை. மீதியைப் படிக்கச் சந்தா கட்டவும். பதில் எழுதியவர்: வர்தியா, பெஜாயா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது நீதானே?"

"நான்தான்."

"அப்ப ஞாபகம் இருக்குமே அக்கா?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை நீ என்ன சாப்பிட்டேன்னு சொல்லு, நானும் சொல்றேன்."

கம்பெனிக்கு எழுதிப் பார்த்திருந்தார். என் பதிலை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று. முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு ஒரு மனிதர் மரியாதையாக எழுதினார்: உங்கள் பங்களிப்புக்கு நன்றி, வருந்துகிறோம், விதிவிலக்கு கிடையாது.

டாக்டர் போன பிறகு வர்தியா அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடி எடுத்தார். பிறகு, "உனக்கு இங்கிலீஷ் பேச வரும்ல?" என்றார்.

"படம் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். ஏன், நீங்கதான் பதினாலு வருஷமா எழுதுறீங்களே?"

"எழுதுவேன். ஒரு தடவைகூடப் பேசினதில்ல. பேசுறதுக்கு ஆள் எங்க?"

ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ஊலு கால்நடைப் பரிசோதனைக் கூடத்தின் தொலைபேசி எண். அவர்களுடைய இணையப் பக்கத்தில் எடுத்திருக்கிறார். எடுத்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும், மடிப்பில் சீட்டு கிழியத் தொடங்கியிருந்தது.

வெளிநாட்டுக்குப் பேச வசதி இருந்த டாக்டரின் அறைப் போனில் கூப்பிட்டோம். ஒரு பெண் எடுத்தாள். பெயர் தூலிக்கி என்றாள். நான் அல்ஜீரியாவில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்றதும், "தப்பான நம்பர், இங்கே மாடுகள்தான்" என்றாள்.

"தெரியும் தெரியும். எங்களுக்கு யுஹானி வேணும்."

"யுஹானி வேலையிலேருந்து ஓய்வு வாங்கி நாலு மாசமாச்சே. நீங்க யாரு?"

வர்தியா அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பேரைச் சொல்லு. பேரைச் சொல்லு."

"வர்தியான்னு சொல்லுங்க, அவருக்குத் தெரியும்" என்றேன்.

தூலிக்கி சத்தமாகக் கேட்டாள்: "மிஸ்டர் வர்தியாவா? பெஜாயா மிஸ்டர் வர்தியாவா? நீங்கதானா அது?"

"நான் இல்ல. அவங்க பக்கத்துல நிக்கிறாங்க. மிஸ்டர் இல்ல, அக்கா." அக்கா என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. தூலிக்கி சிரித்தாள்.

யுஹானி எதையும் திரையில் படிக்க மாட்டாராம். உபயோகமான பதிலை எல்லாம் அச்சடித்து, துளையிட்டு, தடித்த கோப்புகளில் கோத்து வைப்பாராம். அதில் ஒரு கோப்பின் முதுகில் "வர்தியா" என்றே எழுதியிருக்கிறதாம். அலமாரியில் இருக்கிறது, நாங்களும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்போம் என்றாள்.

நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது வர்தியா அக்கா டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் டாக்டரைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அரபிப் பெயர் சம்பந்தமான பக்கம் ஊலுவில் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. இருக்குமா என்று சந்தேகமாகத்தான் கேட்டேன். இருந்தது. பிரயோஜனமோ இல்லையோ, வர்தியா எழுதியதென்றால் அச்சடித்துவிடுவாராம். கால் மணி நேரத்தில் என் போனுக்குப் படம் வந்தது. மூன்று வரிகளும் இருந்தன. அடியில், "இங்கே இருபத்தாறு, காற்று இல்லை" என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கல். தூலிக்கியிடம் கேட்டதற்கு, அது பின்னிஷ் மொழியில் "பொறாமையாக இருக்கிறது" என்றாள்.

வர்தியா அக்கா அந்த மூன்று வரியைத் தட்டினார். இயந்திரத்தில் ஒரு குழாயை வைத்தோம். பெயர் முழுதாக வந்தது, முடிவும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் வரிசை வாசலுக்கு உள்ளே வந்துவிட்டது. டாக்டர் எல்லோருக்கும் மக்ரூத் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வர்தியா அக்கா தன் பங்கை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

யுஹானிக்கு இப்போது தொலைபேசி கிடையாதாம். மனைவி இறந்த பிறகு வடக்கே ஏதோ ஏரிக்கரையில் போய் இருக்கிறாராம். தூலிக்கி தபால் விலாசம் கொடுத்தாள். தொலைந்துபோன கடிதத்தை வர்தியா அக்கா திரும்ப எழுதினார், இந்தத் தடவை காகிதத்தில். தபால் நிலையத்துக்கு நானும் போனேன். பின்லாந்து என்றதும் அங்கே இருந்தவர் புத்தகத்தில் தேடிப் பார்த்துத்தான் தபால்தலை கொடுத்தார்.

பதில் வரவில்லை. குளிர்காலம் போயிற்று, அப்போதும் வரவில்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. நான் ஒருமுறை, தூலிக்கியைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றேன்.

"வேண்டாம். அவர் எழுதலன்னா எழுத இஷ்டமில்லன்னு அர்த்தம். இல்லாட்டி வேற ஏதாவது. ரெண்டையும் எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

தூலிக்கி மட்டும், அன்று போனில் எனக்குக் கொடுத்த வாக்குத் தவறாமல், வாரத்துக்கு இருபது இருபது பக்கமாக அந்தக் கோப்பு முழுவதையும் படமெடுத்து அனுப்பினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வர்தியா அக்கா அதையெல்லாம் திரும்பத் தட்டச்சு செய்து, இலவசமாக இடம் கிடைக்கிற ஒரு இணையப் பக்கத்தில் போட்டார். தன் வார்த்தையைத் தானே நகலெடுக்கிற வேலை. மூவாயிரத்தில் இருநூறு. மீதி கதவுக்கு அந்தப்புறம்தான் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மென்பொருளின் பெயரை உங்கள் பக்கத்தின் தலைப்பில் பயன்படுத்தக் கூடாது என்று. அவர் தலைப்பை மாற்றினார். இப்போது அந்தப் பக்கத்தின் பெயர் "பச்சைக்காரி". அது எங்கள் பேச்சு மொழியில் இருப்பதால் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை.

சில பேர் வந்தார்கள். பக்கத்து ஊரான ஜிஜெல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் காரிலேயே வந்து, பென் டிரைவில் பழைய பதிப்பை வாங்கிக்கொண்டு, நின்றபடி காபி குடித்துவிட்டுப் போனார். தெற்கே பாலைவனத்தில் இருக்கும் தமன்ராசெத்திலிருந்து ஒருவர் கேள்வி எழுதினார். வர்தியா அக்கா நீளமாகப் பதில் எழுதி, கடைசியில், "இங்கே பதினொன்று, மூடுபனி" என்று போட்டார். அவர் "நன்றி" என்று மட்டும் எழுதினார். இன்னும் நாலைந்து பேருக்கு அப்படிப் போட்டுப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார்.

ஆனால் வேறொன்று செய்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் முழுப் பெயர், ஆஸ்பத்திரி விலாசம், அறையின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் போட்டார்.

"எதுக்கு அக்கா போன் நம்பரெல்லாம்? கண்டவனும் கூப்பிடுவான்" என்றேன்.

"கூப்பிடட்டும். நாளைக்கு இந்தப் பக்கத்தையும் யாராவது பூட்டினா ஆளாவது எங்க இருக்கான்னு தெரியணும்ல."

கண்டவன் யாரும் கூப்பிடவில்லை. நாலு மாதம் அந்தப் போன் அடிக்கவே இல்லை. போன வாரம், நான் குழாய்ச் சீட்டுக் கட்டு வாங்க அந்த அறைக்குப் போயிருந்தபோது அடித்தது. வர்தியா அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார். பாலைவனத்துக்கு அந்தப்புறம் வேறொரு நாட்டில் இருக்கும் நுவாக்ஷோத்திலிருந்து ஒரு பெண். பெயர் தெஸ்லெம். பிரெஞ்சில் படபடவென்று பேசினாள். குளிர்சாதன இரைச்சலை மீறி எனக்கே கேட்டது. சர்வர் நின்றுவிட்டது, பழைய பதிப்பைப் போட்டேன், பெயரில் கடைசி எழுத்து விழுகிறது.

வர்தியா அக்கா மூன்று வரியையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். இப்போது மனப்பாடம். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று ஒரு கூச்சல்.

"ரொம்ப நன்றி மேடம். உங்க குழுவுல எல்லாருக்கும் சொல்லிடுங்க. எத்தனை பேர் இருக்கீங்க அங்க?"

"நான் ஒருத்திதான்."

"இங்கயும் ஒருத்திதான்" என்றாள் தெஸ்லெம். பிறகு, "மேடம், உங்களுக்கு நேரம் இருக்குமா? இன்னொரு சந்தேகம் இருக்கு. சின்னதுதான்" என்றாள்.

வர்தியா அக்கா காதில் போனை இடுக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ என்று கையைக் காட்டினார்.